பனி ஊருக்கு வந்த மிசி



படித்து முடித்த பிள்ளைக்கு முதல் வேலைக்கான கடிதம் வந்த வீட்டில், அன்றிரவு நடக்கும் பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். மகளுக்குத் தாதி வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இடமோ சபாவின் உட்பகுதி. மகனுக்கு ஆசிரியர் வேலை. அதுவும் சரவாக்கில் ஆற்றோரத்து ஊர் ஒன்றில். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்கிறார்: "ஏம்மா, அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்வே?" அப்பா ஒன்றும் பேசவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். மகிழ்ச்சி பாதி, மனக்கலக்கம் பாதி.

இந்தக் கலக்கம் இயற்கையானது. கப்பலேறிக் கடல் கடந்து, காட்டுக்கு நடுவில் லயத்து வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஊர் பேர் தெரியாத இடத்தில் குடியேறுவது என்றால் என்னவென்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் பிழைப்புக்காக வந்தார்கள். ஆனால் பிறருக்குத் தொண்டு செய்வதற்காகவே முன்பின் தெரியாத ஊருக்குப் போய், அங்கேயே வேரூன்றி, அந்த ஊராராகவே ஆகிவிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தாதியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் மைரா பென்னட்.

மைரா 1890-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தாதிப் பயிற்சியும் பேறுகாலப் பயிற்சியும் பெற்றவர். 1921-இல், தம் முப்பத்தொன்றாம் வயதில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்து என்னும் தீவுக்குப் போனார். இன்று அது கனடாவின் ஒரு பகுதி. அந்த நாளில் அது தனி நாடாக இருந்தது. 1949-இல்தான் கனடாவுடன் இணைந்தது. அத்தீவின் வடக்கே விரல் நீட்டியதுபோல் ஒரு நீண்ட தீபகற்பம் இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் டேனியல்ஸ் ஹார்பர் என்ற சிறிய மீனவர் ஊர். மைரா போய் இறங்கியது அங்கேதான்.

இரண்டே ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போனவர் அவர். ஆனால் அந்த ஊரிலேயே வாழ்ந்து, 1990-இல் தமது நூறாவது வயதில் மறைந்தார். இரண்டு ஆண்டு எப்படி அறுபத்தொன்பது ஆண்டாக நீண்டது? நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் பயன்படக்கூடிய பாடம் அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

பூமிப் படத்தை எடுத்துப் பார்த்தால் டேனியல்ஸ் ஹார்பர், இலண்டன் நகரத்தைவிடச் சற்றுத் தெற்கேதான் இருக்கிறது. அப்படியானால் இலண்டனைவிட அங்கே வெயில் கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. இங்கிலாந்தின் பக்கமாக வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் போகிறது. நியூபவுண்ட்லாந்தின் பக்கமாக வருவதோ வட துருவத்துப் பனிக்கட்டியைத் தாங்கி வரும் லாப்ரடார் நீரோட்டம். ஆகையால் அங்கே குளிர்காலம் நீண்டது, கொடியது. கரையோரக் கடலே பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும். கோடையில் கரையோரக் கப்பல் வந்து போகும். குளிர்காலத்தில் கப்பல் நின்றுவிடும். மைரா போன காலத்தில் சாலையும் கிடையாது. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியோ, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியோ இருந்தால் உண்டு. இல்லையேல் பனிக் காலணியைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அந்த மக்களின் பிழைப்பு காட் என்னும் மீன். பிடித்த மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கி விற்பார்கள். விற்பார்கள் என்றா சொன்னேன்? பல ஊர்களில் காசுக்கு விற்பனையே நடந்ததில்லை. இளவேனிற் காலத்தில் வணிகர் வலை, உப்பு, மாவு, தேயிலை, கரும்புப் பாகு எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பார். மீன்பிடி காலம் முடிந்ததும் கருவாட்டை அவரிடமே கொடுக்க வேண்டும். கடனுக்குக் கொடுத்த சாமானுக்கும் அவரே விலை வைப்பார். கருவாட்டுக்கும் அவரே விலை வைப்பார். கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கடன்தான். தோட்டத்துக் கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்கி, சம்பள நாளன்று கையில் காசில்லாமல் வீடு திரும்பிய அனுபவம் நம் பெரியவர்களுக்கு உண்டு. அந்தப் பனி நாட்டு மீனவனின் துயரம் நமக்கு விளக்கிச் சொல்லாமலே புரியும்.

இத்தகைய ஊர்கள் அந்தத் தீவைச் சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேல் சிதறிக் கிடந்தன. பெரும்பாலானவற்றில் மருத்துவர் இல்லை. பிரசவம் பார்த்தவர்கள் ஊர் மருத்துவச்சிகள். அவர்களை "பாட்டி" என்றே மக்கள் அழைத்தார்கள். இந்த நிலையைக் கண்டு, 1920-இல் ஆளுநரின் மனைவி கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் அம்மையார் ஒரு குழுவை அமைத்து, இங்கிலாந்திலிருந்து தாதிகளை வரவழைக்கத் தொடங்கினார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் மைரா.

நேயர்களே, இப்போது மைராவின் நிலையை எண்ணிப் பாருங்கள். இலண்டன் மருத்துவமனையில் தாதிக்குப் பின்னால் மருத்துவர் இருக்கிறார், மருந்தறை இருக்கிறது, துணைக்கு இன்னொரு தாதி இருக்கிறார். இங்கேயோ ஏறத்தாழ 200 மைல் நீளமுள்ள கடற்கரைக்கு அவர் ஒருவரே எல்லாம். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவரை இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரே மிசி, அதுவும் சாலை இல்லாமல் என்றால் எப்படி இருக்கும்! பிள்ளைப்பேறு பார்ப்பதும் அவரே. காயத்துக்குத் தையல் போடுவதும் அவரே. பல் பிடுங்குவதும் அவரே. தம் பணிக்காலத்தில் 700-க்கு மேற்பட்ட குழந்தைகளின் பிறப்புக்கு அவர் துணை நின்றார். குறைந்தது 5,000 பற்களைப் பிடுங்கினார். பற்கணக்கைக் கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் பல் மருத்துவரே இல்லாத ஊரில், வீங்கிய கன்னத்தோடு இரவெல்லாம் துடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1922-இல் மைரா அந்த ஊர்க்காரர் ஒருவரையே மணந்துகொண்டார். அவர் பெயர் ஆங்கஸ் பென்னட். அவர் கட்டிய வீடே ஊருக்கு மருத்துவமனையாகவும் ஆயிற்று. சமையலறை மேசையிலேயே சிகிச்சை. சோறு பொங்குகிற இடத்திலேயே காயத்துக்குக் கட்டுப் போடுகிற வீடு அது. மனைவி தாதி என்றால் கணவருக்கும் வேலை உண்டு. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் குதிரையைப் பூட்ட வேண்டும். வழி காட்ட வேண்டும்.

1926-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சம்பவம். ஆங்கஸின் உடன்பிறந்தவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வாளில் சிக்கி, பாதம் ஏறக்குறைய துண்டாகிவிட்டது. சிறிதளவே ஒட்டிக்கொண்டிருந்தது. அருகில் மருத்துவர் இல்லை. 60 மைலுக்கு அப்பால் போன் பே என்ற இடத்தில்தான் மருத்துவர் இருந்தார். கோலாலம்பூரிலிருந்து போர்ட்டிக்சன் போகும் தூரம். ஆனால் இடையில் இருப்பது பனி, பனி, பனி. மைரா என்ன செய்தார்? காயத்தைச் சுத்தம் செய்து, பாதத்தை அதன் இடத்தில் பொருத்தித் தையல் போட்டார். பிறகு அடிபட்டவரைக் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏற்றி, அந்த 60 மைலையும் கடந்து மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். பாதம் பிழைத்தது. அந்த மனிதர் மீண்டும் நடந்தார்.

இந்தச் சம்பவம் அந்நாட்டில் மிகவும் புகழ்பெற்றது. ஆனாலும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். திறமை மட்டும் அந்தப் பாதத்தைக் காப்பாற்றவில்லை. மைரா அங்கே ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். எந்த வழியில் வண்டி போகும், பனியில் எப்படிப் பயணம் செய்ய வேண்டும், எந்த ஊரில் யார் கதவைத் தட்டலாம் என்பதையெல்லாம் அந்த ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. கற்பிக்கப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் சம்பளத்தைப் பற்றியது. தாதிக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே! காசையே காணாத மீனவன் எங்கே போவான்? இதற்கு அந்த நாட்டுப் பெண்களின் கைகள் வழி சொல்லின. குளிர் நாட்டுப் பெண்களுக்குக் கம்பளி நூலால் பின்னல் பின்னுவது கைவந்த கலை. கையுறை, காலுறை, மேற்சட்டை எல்லாம் வீட்டிலேயே பின்னுவார்கள். 1924-இல், அடுத்த ஆளுநரின் மனைவி எல்சி அலர்டைஸ் அம்மையார் காலத்தில், தாதிப் பணியையும் கைத்தொழிலையும் ஒன்றாக இணைத்து ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. நோனியா என்பது அதன் சுருக்கப் பெயர். சங்கம் நூலை ஊர்களுக்கு அனுப்பும். பெண்கள் பின்னித் திருப்பி அனுப்புவார்கள். பின்னியவர்களுக்குக் கூலி உண்டு. விற்றதில் மிஞ்சுவது தாதிகளின் சம்பளத்துக்குப் போகும்.

இதில் என்ன சிறப்பு என்று கேட்கலாம். தருமமாக வந்த தாதிக்கும் தாங்களே சம்பளம் கொடுக்கும் தாதிக்கும் வேறுபாடு உண்டு. "இந்த அம்மாவை நாம் வைத்திருக்கிறோம்" என்று ஓர் ஏழைப் பெண் நிமிர்ந்து சொல்ல முடிந்தது. கணவன் பிடித்த மீன் எல்லாம் கடனுக்குப் போன வீட்டில், மனைவியின் பின்னல் ஊசி கொஞ்சம் காசைக் கொண்டுவந்தது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுதானே! 1934-இல் அரசாங்கம் தாதிப் பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் பின்னல் தொழில் நிற்கவில்லை. அந்தச் சங்கத்தின் பெயரில் கைப்பின்னல் விற்பனை இன்றும் நடந்து வருகிறது.

மூன்றாவது பாடம் சாப்பாட்டைப் பற்றியது. இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கவனமாகக் கேளுங்கள்.

நியூபவுண்ட்லாந்து மீனவர்களின் குளிர்கால உணவு பெரும்பாலும் வெள்ளை மாவு ரொட்டி, கருவாடு, கரும்புப் பாகு கலந்த தேநீர். காய்கறி மிகக் குறைவு. இதனால் பெரிபெரி என்ற நோய் அங்கே பரவியிருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, முற்றினால் இருதயம் நின்றுவிடும். கோதுமையின் மேல்தவிட்டை நீக்கி வெள்ளை வெளேரென்று மாவாக்கும்போது, பி-1 என்னும் உயிர்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. அதுதான் காரணம்.

இதே பெரிபெரி ஒரு காலத்தில் மலாயாவையும் ஆட்டி வைத்தது. தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற சுரங்கத் தொழிலாளர் பலர் அதற்குப் பலியானார்கள். ஆனால் தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கவனித்து, 1907-இல் வெளியான தம் நூலில் எழுதினார். என்ன வேறுபாடு? நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. உயிர்ச்சத்து என்ற சொல்லையே கேள்விப்படாத நம் பாட்டிமார், அதைக் காப்பாற்றும் வழியைக் கையில் வைத்திருந்தார்கள்! நியூபவுண்ட்லாந்தில் பெரிபெரியை ஆராய்ந்து 1930-இல் கட்டுரை எழுதிய டாக்டர் அய்க்ராய்டு என்பவர், பின்னர் 1935-இல் தமிழ்நாட்டின் குன்னூரில் இருந்த உணவுச் சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக வந்து, அங்கே அரிசியை ஆராய்ந்தார். பனி நாட்டு ரொட்டிக்கும் நம் சோற்றுப் பானைக்கும் எவ்வளவு நெருங்கிய உறவு பாருங்கள்!

சரி, நோயின் காரணம் தெரிந்துவிட்டது. உடனே தீர்ந்துவிட்டதா? இல்லை. 1934-இல் அந்நாட்டு அரசாங்கம், வேலையற்றோருக்குக் கொடுத்த நிவாரண உணவில் வெள்ளை மாவை நிறுத்திவிட்டுத் தவிட்டு மாவைக் கொடுத்தது. நல்ல எண்ணந்தான், சத்துள்ள மாவுதான். ஆனால் மக்கள் கொதித்தார்கள். பழக்கமில்லாத மாவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீட்டில் பழுப்பு ரொட்டி இருந்தால் அது இலவச உணவு வாங்கும் ஏழை வீடு என்று ஊரே அறிந்துகொள்ளும் என்பது. மானமுள்ள மனிதனுக்கு அது பொறுக்குமா? கடைசியில் 1944-இல் வேறு வழி காணப்பட்டது. வெள்ளை மாவிலேயே உயிர்ச்சத்துகளைக் கலந்து விற்கச் செய்தார்கள். ரொட்டியின் நிறம் மாறவில்லை. மக்களின் மானமும் கெடவில்லை. சத்தும் உள்ளே போயிற்று.

உதவி செய்வோர் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும் பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்கும்படி அது இருக்க வேண்டும். அந்த ஊர்ச் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவருக்கே இது தெரியும். தூரத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சமையலறை மேசையில் சிகிச்சை செய்த மைரா பென்னட்டைப் போன்றவர்களின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது.

மைரா 1953-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகும் கதவு தட்டப்படுவது நிற்கவில்லை. அவரும் திறக்காமல் இருந்ததில்லை. பிரிட்டிஷ் மன்னர் பெயரால் வழங்கப்படும் விருதும், 1974-இல் கனடா நாட்டின் உயர்ந்த விருதும் அவரைத் தேடி வந்தன. இப்போது டேனியல்ஸ் ஹார்பருக்குச் சாலை வந்துவிட்டது. ஆங்கஸ் கட்டிய வீடு நினைவில்லமாகக் காக்கப்பட்டு வருகிறது.

அன்பர்களே, இந்தக் கதையை ஏன் உங்களிடம் சொன்னேன்? தோட்டத்துப் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் மருத்துவர்களாகவும் வெளியே போகிறார்கள். அவர்களில் சிலருக்குத் தொலைவான ஊர்கள் வாய்க்கின்றன. பெற்றோர்களே, உங்கள் மகளை உட்பகுதிக்கு அனுப்ப நேர்ந்தால், "எப்படியாவது மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு" என்ற சொல்லை முதல் சொல்லாக அவள் காதில் போடாதீர்கள். நாளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிரசவிக்கப் போகிற தாய் ஒருத்தி அந்த ஊரில் இருக்கிறாள். "போம்மா, அந்த ஊர் மொழியைக் கத்துக்க, அவங்க குடுக்கிறதைச் சாப்பிடு, வயசானவங்களை மதி" என்று சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் குடியிருப்புக்கும் வெளியூரிலிருந்து புது ஆசிரியை வருகிறார். கிளினிக்குக்குப் புது மிசி வருகிறார். வந்தவருக்கு நாம் என்ன செய்கிறோம்? "இது எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறது!" என்று ஏளனமாகப் பார்க்கிறோமா? அல்லது ஒரு கிண்ணம் குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, "எந்த ஊரும்மா உனக்கு?" என்று கேட்கிறோமா? மைரா நிலைத்து நின்றது அவருடைய மன உறுதியால் மட்டும் அல்ல. குதிரை பூட்டக் கணவர் இருந்தார். தாதிகளுக்காகப் பின்னல் பின்னப் பெண்கள் இருந்தார்கள். தனி மரம் தோப்பாகாது. நல்லவர் ஒருவர் ஓர் ஊரில் தங்குவதும், தங்காமல் ஓடிவிடுவதும் பாதி அவர் கையில். மறு பாதி அந்த ஊரின் கையில்.

மறு பாதிக்குப் பொறுப்பு நாம்தான் என்பதை நினைவூட்டி, உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.